எந்தச் சபைக்குக் கணக்கு?

கேள்வி: பைபிள் ஒன்றுதான், சபைகள் மட்டும் ஏன் இத்தனை? தவறான சபையில் இருந்துவிட்டால் நியாயத்தீர்ப்பு நாளில் என்ன பதில் சொல்வது?

பதில்: சண்டை பழையதுதான். முதல் நூற்றாண்டின் நடுவிலேயே கொரிந்து சபையில் பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி, கேபா கட்சி என்று பிரிந்து நின்றார்கள். ‘நாங்கள் கிறிஸ்துவின் ஆட்கள்’ என்று நாலாவது கோஷ்டி ஒன்றும் இருந்தது. (அது இல்லாத ஊர் ஏது?) பவுல் தன் பெயரில் கிளம்பிய கட்சியையும் விட்டுவைக்கவில்லை. அங்கே தன் கையால் ஞானஸ்நானம் பெற்றவர்கள் சிலரே என்பதற்காக, 1 கொரிந்தியர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்.

அவர் குரல் கடுமையாவது அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில். கர்த்தருடைய பந்திக்கு வந்த இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆக்கினைத்தீர்ப்பைப் பற்றி அங்கே எச்சரிக்கிறார். எனக்கு இது கட்சிச் சண்டையைவிடப் பெரிய பிரிவினையாகத் தெரிகிறது.

ரோமர் 14இல் இறைச்சியா, காய்கறியா, எந்த நாள் விசேஷம் என்ற தகராறு. அடுத்தவனுக்குத் தீர்ப்பு எழுதாதே, உன் கணக்கை நீ கொடு என்பதே அங்கு அவர் வாதம். மத்தேயு 25இல் வரும் விசாரணையும் பசித்தவன், அந்நியன், நோயாளி, சிறையில் கிடப்பவன் ஆகியோரைப் பற்றியது. சபைப் பதிவேட்டை அங்கே யாரும் புரட்டவில்லை.

அதற்காக, எதை நம்பினாலும் சரி என்று பைபிள் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவிசேஷத்தையே மாற்றிச் சொன்னவர்களைப் பவுல் எப்படிச் சாடினார் என்று கலாத்தியர் முதல் அதிகாரத்தில் பாருங்கள்.