முடிக்கு மாத்திரை போடறியா? அப்போ இதைப் படி

தலை துவட்டும்போது டவலில் நாலு முடி வந்தாலே ஹாஸ்டலில் ஒருத்தன் சொல்வான்: "ஃபினாஸ்டிரைடு போடு மச்சி." போடுறதுக்கு முன்னாடி அது உள்ளே என்ன செய்யுதுன்னு பார்ப்போம்.

நம்ம உடம்பில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்று ஒரு என்சைம் இருக்கு. அது டெஸ்டோஸ்டிரோனை டிஹெச்டி என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றும். கருவில் ஆண் உறுப்பு உருவாக டிஹெச்டி வேணும். வளர்ந்த பிறகு அதே டிஹெச்டி புராஸ்டேட்டைப் பெருசாக்கும். பரம்பரையாக வழுக்கை வரக்கூடியவர்களுக்கு முடியின் வேரைச் சுருக்கும்.

இது தெரிய வந்த கதை சுவாரசியமானது. டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில், பெண்ணாக வளர்க்கப்பட்ட சில குழந்தைகளின் உடல் பருவ வயதில் ஆணாக மாறியது. ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழு 1974-இல் காரணத்தை வெளியிட்டது: பிறவியிலேயே இந்த என்சைம் குறைபாடு. வளர்ந்த பிறகும் அவர்களுடைய புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது. அப்போ என்சைமை மருந்தால் அடைத்தால்?

அதுதான் ஃபினாஸ்டிரைடு. பார்க்க டெஸ்டோஸ்டிரோன் மாதிரியே இருப்பதால் என்சைம் ஏமாந்து அதைப் பிடிக்கும், பிறகு விடவே முடியாமல் மாட்டிக்கொள்ளும். ரத்தத்தில் மருந்து சில மணி நேரத்தில் குறைந்துவிடும். என்சைமோடு போட்ட பூட்டு வாரக்கணக்கில் நிற்கும். டிஹெச்டி சுமார் 70% குறையும். டெஸ்டோஸ்டிரோன் குறையாது, கொஞ்சம் கூடவும் செய்யும். அமெரிக்காவில் 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம், 1997-இல் முடிக்கு 1 மில்லிகிராம் என அனுமதி கிடைத்தது.

மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் எக்ஸிமெஸ்டேனும் இதே வழிதான். அங்கே அடைபடுவது ஈஸ்ட்ரோஜென் தயாரிக்கும் அரோமட்டேஸ்.

இனி கவனிக்க வேண்டியவை. மாத்திரையை நிறுத்தினால் காப்பாற்றிய முடி ஒரு வருஷத்துக்குள் போயிடும். சிலருக்குப் பாலுணர்வு குறையலாம், மனச்சோர்வு வரலாம். வீட்டில் அப்பா புராஸ்டேட்டுக்கு இதைச் சாப்பிட்டால், பிஎஸ்ஏ டெஸ்ட் அளவு பாதியாகக் காட்டும். டாக்டரிடம் சொல்லாவிட்டால் புற்றுநோய் கண்ணில் படாமல் போகலாம்.

நமக்கு முக்கியமானது ரத்ததான முகாம். நம்ம ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருந்தால், அந்தக் கருவுக்குத் தேவையான டிஹெச்டியும் தடைபடலாம். அதனால் ஃபினாஸ்டிரைடை நிறுத்திக் குறைந்தது ஒரு மாசம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்கணும்.

அடுத்த முகாமில் "ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று படிவம் கேட்கும். வெட்கப்பட்டு 'இல்லை'ன்னு டிக் போடாதீங்க.