பிறந்த குழந்தை பால் குடிக்காமல் தூங்கினால்

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, பாட்டிகளுக்கு

அழாமல் தூங்கும் குழந்தையைச் "சமர்த்துப் பிள்ளை" என்போம். ஆனால் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தை நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கி, எழுப்பினாலும் இரண்டு வாய் சப்பிவிட்டு மறுபடியும் கண்ணயர்ந்தால், அதற்குப் போதிய பால் கிடைக்காமல் இருக்கலாம். தாய் களைத்திருக்கும் அந்த நாள்களில், இதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்க வேண்டும். முதல் நாளில் சுரக்கும் சீம்பால் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் இருக்கும். குழந்தையின் சின்னஞ்சிறு வயிற்றுக்கு அது போதும். "உனக்குப் பாலே இல்லை" என்று மகளிடமோ மருமகளிடமோ சொல்லிவிடாதீர்கள். மூன்றாம், நான்காம் நாளில் பால் கூடும்.

டயப்பரை எண்ணுங்கள்

தாய்ப்பால் எவ்வளவு உள்ளே போனது என்று பார்க்க முடியாது. ஆனால் நனைந்த டயப்பரை எண்ணலாம். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடி, ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறாவது இருக்க வேண்டும். கறுப்பாகப் போகும் மலமும் அதற்குள் மஞ்சளாகிவிட வேண்டும். முதல் சில நாள்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடை திரும்பிவிடும்.

தூங்கும் குழந்தையை எழுப்பத் தயங்க வேண்டாம். சுற்றியிருக்கும் துணியை அவிழ்த்து, டயப்பரை மாற்றி, உள்ளங்காலை மெல்லத் தேய்த்து, தாயின் நெஞ்சோடு சேர்த்து வையுங்கள். குழந்தை வாயை அகலமாகத் திறந்து, காம்பை மட்டுமல்லாமல் அதைச் சுற்றியுள்ள கருமையான பகுதியையும் கவ்வ வேண்டும். தாய்க்கு வலி தொடர்ந்தால், தாய்ப்பால் ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் காமாலை

பால் குறைந்தால் காமாலை கூடும். காமாலை கூடினால் தூக்கம் அதிகமாகி, பால் இன்னும் குறையும். மாநிறக் குழந்தைகளிடம் இது எளிதில் தெரியாது. பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையையும் ஈறுகளையும் பாருங்கள். வெயிலில் காட்டுவது சிகிச்சை ஆகாது. காமாலை மிகவும் முற்றினால் மூளையைப் பாதிக்கும். பலதுறை மருந்தகத்தில் குதிகாலில் சிறிது இரத்தம் எடுத்துச் சோதித்துவிடுவார்கள்.

சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாட்டுச் சோதனை செய்யப்படுகிறது. இந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்துருண்டையின் நெடியே இரத்த அணுக்களைச் சிதைத்து, காமாலையைத் திடீரென ஏற்றிவிடும். மூத்த பிள்ளையின் சட்டைகளை ஆசையாக அலமாரியில் எடுத்து வைத்திருப்போம், அந்துருண்டையோடு! சோதனை முடிவு எதுவாக இருந்தாலும், அந்த உருண்டைகள் வீட்டில் வேண்டாம்.

சேனை, சர்க்கரைத் தண்ணீர், வெந்நீர், உரைமருந்து எதுவும் கொடுக்காதீர்கள். ஆறு மாதம்வரை தண்ணீரே தேவையில்லை. அது வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும். தேனில் இருக்கக்கூடிய கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். மருத்துவர் சொல்லிப் பால்மாவு கொடுத்தால், டின்னில் குறிப்பிட்ட அளவிலேயே கரைக்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

டயப்பர் எண்ணிக்கை குறைந்தாலோ தொடர்ந்து இரண்டு வேளை பால் குடிக்காவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் தெரிந்தாலும், 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தாலும், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலும், எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலும் உடனே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். உதடு நீலமானாலோ மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ 995ஐ அழையுங்கள்.

குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தோடு, பால் குடித்த நேரங்களையும் டயப்பர் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.