கம்பளிப்புழுவும் வெட்டுப்புழுவும்

நிலக்கடலையில் இலையைத் தின்று அழிக்கும் புழுக்களில் சிவப்புக் கம்பளிப்புழுவும், புரொடீனியா எனப்படும் புகையிலை வெட்டுப்புழுவும் முக்கியமானவை. இரண்டும் அந்துப்பூச்சிகளின் புழுக்களே. ஆனால் எதிரிகளிடமிருந்து தப்பும் வழி வெவ்வேறு. அதை அறிந்து கொண்டால் வீண் மருந்துச் செலவைத் தவிர்க்கலாம்.

சிவப்புக் கம்பளிப்புழு

வளர்ந்த புழுவின் உடலில் செம்பழுப்பு ரோமம் அடர்ந்திருக்கும். அதுவே அதன் கவசம். குயில் இனங்கள் சிலவற்றைத் தவிரப் பெரும்பாலான பறவைகள் இதனைத் தொடுவதில்லை. வளர்ந்தபின் மருந்துக்கும் எளிதில் மடியாது. எனவே கவசம் இல்லாத பருவத்திலேயே இதனை மடக்க வேண்டும்.

ஆண்டில் சுமார் பத்து மாதம் இது கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் கிடக்கும். கோடை உழவு செய்தால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். வரப்பு ஓரங்களையும் மரநிழலையும் கொத்திவிட வேண்டும்.

நல்ல மழை பெய்தபின் அந்துப்பூச்சிகள் மண்ணிலிருந்து வெளிவரும். அந்நாட்களில் இரவில் ஏக்கருக்கு ஒன்றிரண்டு விளக்குப்பொறிகள் வைத்து அழிக்கலாம். இலையின் அடிப்புறமுள்ள முட்டைக் குவியல்களையும், கூட்டமாக இருக்கும் இளம் புழுக்களையும் இலையோடு கிள்ளி அழிக்க வேண்டும். வளர்ந்த புழுக்கள் வயல் விட்டு வயல் செல்லும்போது, ஓரடி ஆழத்தில் செங்குத்தான பள்ளம் எடுத்துத் தடுக்கலாம். புழுக்களை வெறுங்கையால் தொடக்கூடாது. ரோமம் பட்டால் அரிக்கும்.

புகையிலை வெட்டுப்புழு

இதற்கு ரோமக் கவசம் கிடையாது; மறைவே பாதுகாப்பு. வளர்ந்த புழு பகலில் மண் வெடிப்பிலும் சருகின் அடியிலும் பதுங்கி, இரவில் இலையைத் தின்னும். பகலில் பார்ப்பவருக்கு இலை ஓட்டைதான் தெரியும், புழு தெரியாது.

தாய் அந்துப்பூச்சி முட்டைக் குவியலைத் தன் உடலின் பழுப்பு ரோமத்தால் மூடிவிடும். முட்டையைத் தாக்கும் சிறு குளவிகளுக்கு இது தடை. ஆனால் உழவரின் கண்ணுக்கு இதுவே அடையாளம். இப்பூச்சி ஆமணக்கை மிகவும் விரும்பும். ஆகவே வயல் ஓரத்தில் ஆமணக்கு வளர்த்து, அதில் காணும் முட்டைக் குவியல்களையும் இளம் புழுக்களையும் இலையோடு பறித்து அழிக்க வேண்டும்.

ரோமம் இல்லாத இப்புழுவைப் பறவைகள் விரும்பி உண்ணும். வயலில் 'டி' வடிவக் குச்சிகள் நட்டால் கரிச்சான் குருவிகள் அமர்ந்து, காலையிலும் மாலையிலும் வெளிப்படும் புழுக்களைப் பிடிக்கும். மருந்து அவசியமானால் மாலையில் தெளிப்பதே பலன் தரும்.

கம்பளிப்புழுவுக்கு உழவும் விளக்கும், வெட்டுப்புழுவுக்கு ஆமணக்கும் பறவையும் எனக் கொள்ளலாம். ஒருவர் வயலில் மட்டும் செய்தால் பயன் குறைவு. அண்டை வயலிலிருந்து பூச்சி வந்துவிடும். ஊர் உழவர்கள் ஒன்றுகூடி ஒரே சமயத்தில் செய்வது நல்லது.