வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதுமுன்: இங்கிலாந்தில் வாழும் பெற்றோருக்குப் பத்துக் குறிப்புகள்

"கேர் ஹோமுக்குப் போனால் கவுன்சில் வீட்டை எடுத்துவிடும். இப்போதே பிள்ளைகள் பெயரில் எழுதிவிடுங்கள்." ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் கோயிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் நம்மவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும் ஆலோசனை இது. இரண்டு வேலை பார்த்து, சீட்டுக் கட்டி, மோட்கேஜை அடைத்து மீட்ட வீட்டைப் பற்றிய பேச்சு என்பதால் பயம் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. கையெழுத்துப் போடுமுன் இவற்றைப் பாருங்கள். இங்குள்ளவை இங்கிலாந்தின் விதிகள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

1. வீடு கணக்கில் வருமா என்று முதலில் பாருங்கள். சொந்த வீட்டிலேயே இருந்து பராமரிப்புப் பெறும்போது அந்த வீட்டின் மதிப்பைக் கவுன்சில் கணக்கில் எடுப்பதில்லை. கேர் ஹோமில் நிரந்தரமாகச் சேரும்போதுதான் கேள்வி எழும். அப்போதும் கணவனோ மனைவியோ, 60 வயதை எட்டிய உறவினரோ, உடல் இயலாத உறவினரோ முன்பிருந்தே அங்கே குடியிருந்தால் வீட்டுக்கு விலக்கு உண்டு. அப்பா கேர் ஹோமில் இருக்க, அம்மா வீட்டில் இருந்தால், அம்மா அங்கே வாழும்வரை வீடு கணக்கில் வராது.

2. இரண்டு எண்களை நினைவில் வையுங்கள்: 23,250 பவுண்டு, 14,250 பவுண்டு. கணக்கில் வரும் சொத்து முதல் எண்ணைத் தாண்டினால் செலவு முழுவதும் உங்களுடையது. இரண்டாம் எண்ணுக்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொடமாட்டார்கள். பென்ஷன் போன்ற வருமானத்திலிருந்து மட்டும் பங்கு கேட்பார்கள். 2010 முதல் இந்த வரம்புகள் மாறவில்லை. வாழ்நாள் செலவுக்கு 86,000 பவுண்டு உச்சவரம்பு 2025 ஒக்டோபரில் வரும் என்றார்கள். 2024இல் அரசாங்கம் அதைக் கைவிட்டது. இன்னும் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

3. "ஏன் கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள்?" என்று கவுன்சில் கேட்கும். கொடுத்த நேரத்தில் பராமரிப்புத் தேவைப்படும் என்று தெரிந்திருந்து, கட்டணத்தைத் தவிர்ப்பது ஒரு முக்கிய நோக்கமாக இருந்திருந்தால், அது 'டிப்ரிவேஷன் ஆஃப் அசெட்ஸ்'. வீடு இன்னமும் உங்களிடம் இருப்பதாகவே கணக்குப் போடுவார்கள். 2014ஆம் ஆண்டின் கேர் சட்டப்படி, வீட்டைப் பெற்றுக்கொண்ட பிள்ளையிடமே பணத்தைக் கேட்கவும் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு.

4. 'கொடுத்து ஏழு வருடம் கழிந்தால் கவுன்சில் கேட்காது' என்ற கதையை நம்பாதீர்கள். அந்த ஏழு வருட விதி வாரிசு வரிக்கானது. கவுன்சில் எத்தனை வருடம் பின்னால் போகலாம் என்பதற்குச் சட்டத்தில் எல்லை இல்லை. சந்தை வாடகை கொடுக்காமல் அதே வீட்டில் தொடர்ந்து வாழ்ந்தால், ஏழு வருடம் கழிந்தாலும் வாரிசு வரிக்கு அது உங்கள் சொத்துதான். பல குடும்பங்களுக்கு இந்த வரியே வராது: ஒருவருக்கு 325,000 பவுண்டு வரை வரியில்லை, வீடு பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ போனால் மேலும் 175,000 வரை விலக்குக் கிடைக்கும்.

5. பிள்ளையின் வாழ்க்கையையும் கணக்கில் எடுங்கள். மகன் தங்கமானவனாகவே இருக்கலாம். ஆனால் வீடு அவன் பெயரில் இருந்தால், அவனுக்கு விவாகரத்து நடந்தாலும் கடையில் நட்டம் வந்தாலும் அந்த வீடும் பேச்சுக்கு வரும். உங்களுக்கு முன் அவன் கண்மூடினால் வீடு அவனுடைய வாரிசுகளுக்குப் போகும்.

6. பிள்ளைக்கு வரும் வரியையும் கேளுங்கள். அந்த வீட்டில் குடியிராத மகள் பின்னர் அதை விற்றால், ஏறிய விலைக்கு மூலதன ஆதாய வரி வரலாம். அவள் தனக்கென்று வீடு வாங்கும்போது முதல் வீட்டுச் சலுகை போய்விடும். முத்திரை வரியில் 5 சதவீதம் கூடுதலாகவும் கேட்கலாம். அவள் யூனிவர்சல் கிரெடிட் வாங்குபவளாக இருந்தால் அதுவும் நின்றுபோகலாம்.

7. வீட்டைப் பெயர் மாற்றும் டி.ஆர்.1 படிவத்தைச் சாதாரணக் கடுதாசி என்று நினைக்காதீர்கள். சில பக்கங்கள்தான். எட்டாவது கட்டத்தில் பணம் எதுவும் பெறவில்லை என்று ஒரு குறி. கடைசியில் சாட்சி முன்னிலையில் ஒரு கையெழுத்து. லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவானதும், முப்பது வருடம் சமைத்த குசினியில் அம்மா பிள்ளையின் அனுமதியோடு இருப்பவராகிவிடுகிறார். ஆகவே பெற்றோருக்குத் தனிச் சொலிசிட்டர் வேண்டும். ஆங்கிலம் சரளமில்லாத அம்மாவுக்கு, வீட்டைப் பெறப்போகும் பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாது.

8. கணவனும் மனைவியும் 'ஜொயின்ட் டெனன்ட்ஸ்' (ஒருவர் காலமானால் முழு வீடும் மற்றவருக்கு) ஆக இருந்தால் 'டெனன்ட்ஸ் இன் கொமன்' (ஆளுக்குத் தனிப் பங்கு) ஆக மாறலாமா என்று சொலிசிட்டரிடம் கேளுங்கள். அப்படி மாற்றி, அவரவர் பாதியை உயிலில் பிள்ளைகளுக்கு எழுதலாம். ஒருவர் காலமானபின் மற்றவர் கேர் ஹோமுக்குப் போனால், பொதுவாக அவருடைய பாதி மட்டுமே கணக்குக்கு வரும். உயிருடன் இருக்கும்வரை வீடும் உங்கள் இருவர் கையில்தான்.

9. உரிமையுள்ள உதவிகளை முதலில் கேட்டு வாங்குங்கள். நோயே பராமரிப்புக்கு முக்கிய காரணமானால், என்.எச்.எஸ். 'கன்டினியூயிங் ஹெல்த்கேர்' முழுச் செலவையும் ஏற்கலாம். அதற்குச் சொத்துக் கணக்குப் பார்ப்பதில்லை. 'அட்டென்டன்ஸ் அலவன்ஸ்' என்ற உதவித்தொகை கொடுக்கவும் பார்ப்பதில்லை. மற்றச் சேமிப்பு 23,250 பவுண்டுக்குள் இருந்தால், கேர் ஹோமில் நிரந்தரமாகச் சேர்ந்த முதல் 12 வாரத்துக்கு வீடு கணக்கில் வராது. அதன்பின் 'டிஃபேர்ட் பேமென்ட்' கேட்கலாம்: கவுன்சில் இப்போது கட்டும், வட்டியோடு பின்னர் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். உயிருடன் இருக்கையில் அவசரமாக விற்கத் தேவையில்லை.

10. 'லாஸ்டிங் பவர் ஒஃப் அட்டோர்னி' இரண்டையும், பணத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று, நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிப் பதிவு செய்யுங்கள். வீட்டைக் கொடுக்காமலே பிள்ளைக்குப் பொறுப்பைக் கொடுக்கும் வழி இது. "வீட்டை இந்த டிரஸ்டில் போட்டால் கவுன்சில் தொடவே முடியாது" என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்பவர்களிடம் கையெழுத்து வைக்காதீர்கள். டிரஸ்டையும் கவுன்சில் அதே கேள்விகளோடுதான் பார்க்கும்.

ஏஜ் யூ.கே. நிறுவனத்தின் இலவச ஆலோசனை எண் 0800 678 1602. பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து முதலில் அங்கே பேசுங்கள், பிறகு சொலிசிட்டரிடம் போங்கள். பிள்ளைகளே, அம்மா அப்பாவை அவசரப்படுத்தாதீர்கள். அவர்கள் உழைத்துக் கட்டிய வீடு, கடைசிக் காலத்தில் எங்கே, எப்படி வாழ்வது என்று அவர்களே முடிவுசெய்யத் துணைநிற்கட்டும்.