கயாக் மீன்பிடி வழிகாட்டிக்கு எந்த லைஃப் ஜாக்கெட்?

கோவளம், பிச்சாவரம், ராமேஸ்வரம் என்று நம் கரையோரங்களில் கயாக் சவாரி நடத்தும் இடங்கள் கூடிவருகின்றன. துடுப்புப் போடவும் தூண்டில் வீசவும் தெரிந்த இளைஞர்களுக்கு இது நல்ல தொழில்வழி. ஆனால் இந்த வேலைக்கு வருகிறவர்கள் ராடுக்கும் ரீலுக்கும் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் மட்டும் "கம்பெனியில் கொடுப்பதைப் போட்டுக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். அப்படி இருக்காதீர்கள். வெயிலில் ஐந்தாறு மணி நேரம் உடம்போடு ஒட்டிக்கிடக்கப்போகிற தொழிற்கருவி அது. அக்குளை அறுத்தால், முதுகை முட்டினால் ஒரு மணி நேரத்தில் கழற்றிக் காலடியில் போட்டுவிடுவீர்கள். கயாக் கவிழும்போது அது உங்களுக்கு முன்னால் மிதந்து போய்விடும். கையில் அகப்பட்டாலும், அலைக்கு நடுவே அதை மாட்டிப் பக்கிள் போடுவது பெரும்பாடு.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2022ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்கில், பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 636 பேர். காரணம் தெரிந்த சாவுகளில் நான்கில் மூன்று பங்கு மூழ்கியதால் நேர்ந்தவை. மூழ்கியவர்களில் 85 சதவீதம் பேர் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. அதனால்தான் சௌகரியத்தை ஆடம்பரமாக நான் நினைப்பதில்லை. உறுத்தாத ஜாக்கெட்தான் உடம்பில் தங்கும்.

"எனக்கு நன்றாக நீச்சல் தெரியும்" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆள் இறங்கிய கயாக்கைக் காற்று தள்ளிக்கொண்டு போகும் வேகத்துக்கு நீந்தி எட்டிப் பிடிப்பது கடினம். மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும் காலையில் அது கரைக்கு வராது, கடலுக்குள்ளே போகும்.

கடைக்குப் போனதும் முதலில் உள்பக்கத் துணியில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். ஐஎஸ்ஓ 12402 தரவரிசையில் 50, 100, 150, 275 என்று எண்கள் இருக்கும். மிதக்க வைக்கும் விசை, நியூட்டன் கணக்கில். பத்து நியூட்டனை ஏறக்குறைய ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஒருவரின் தலையை நீருக்கு மேல் நிறுத்தப் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்தரைக் கிலோ விசை போதும். ஆனால் 50 என்ற தரமே, நீந்தத் தெரிந்தவர், கரையோ உதவியோ பக்கத்தில் இருக்கிறது என்ற கணக்கில் வகுக்கப்பட்டது. மயங்கியவரின் முகத்தை அது மேலே திருப்பும் என்று நம்ப முடியாது. நீங்கள் வழிகாட்டி, மற்றவர்களுக்கு நீங்கள்தான் அந்தப் பக்கத்து உதவி. அதனால் அமெரிக்க, கனடிய ஜாக்கெட்டுகளில் காணப்படும் 70 எண் உங்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. நீச்சல் தெரியாத விருந்தினருக்குக் கழுத்துப் பட்டையுள்ள 100 கொடுங்கள். கப்பல்களுக்கான சோலாஸ் ஜாக்கெட் தரத்தில் உசத்தி, ஆனால் கப்பலைக் கைவிட்டு இறங்குகிறவருக்காகச் செய்தது. அந்தப் பருமனை மாட்டிக்கொண்டு துடுப்புப் போட முடியாது.

நுரை வைத்ததா, வாயு நிரம்புவதா? மெல்லிய பட்டைபோல இருக்கும் வாயு ஜாக்கெட்டைப் பார்த்தால் நம் வெயிலுக்கு ஆசை வரும். கயாக் மீன்பிடி வேலைக்கு வேண்டாம் என்றே சொல்வேன். நீர் பட்டால் கரையும் மாத்திரையால் தானாக விரியும் வகை, அலை மேலே அடித்தாலே விரிந்துவிடக்கூடும். கையால் இழுக்கும் வகை, தலையில் அடிபட்டவருக்கு உதவாது. தூண்டில் முள் ஒன்று உள்பையைக் குத்தினால் கதை முடிந்தது. விரிந்த பிறகு நெஞ்சில் இரண்டு பலூன்களோடு கயாக்கில் திரும்ப ஏறுவதும், இன்னொருவரை நோக்கி நீந்துவதும் கஷ்டம். நுரையோ எந்த விசையையும் இழுக்காமல் எப்போதும் மிதக்கும்.

இனிப் பொருத்தம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் கண்ணாடி முன்னால் நின்று பார்த்து வாங்குகிறார்கள். நீங்கள் வேலை செய்யப்போவது உட்கார்ந்து. மீன்பிடிக் கயாக்குகளில் உயரமான முதுகுச் சாய்வுள்ள இருக்கை இருக்கும். ஜாக்கெட்டின் பின்புறம் இடுப்புவரை தடித்த நுரை இருந்தால், அது சாய்வில் முட்டி உங்களை முன்னால் தள்ளும். ஜாக்கெட் மேலேறித் தாடையை இடிக்கும். முதுகின் கீழ்ப்பாதியில் வலைத்துணி மட்டும் வைத்து, நுரையைத் தோள்பட்டைக்கு நேராக மேலே ஏற்றிய வகை இதற்கென்றே வருகிறது. அதையே கேளுங்கள். கடையில் ஒரு நாற்காலியைப் போடச் சொல்லிச் சாய்ந்து உட்காருங்கள். காலை நீட்டி, துடுப்புப் போடுவதுபோல இரு கைகளையும் இருபது முப்பது தடவை சுழற்றுங்கள். ராடைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசிப் பாருங்கள். அக்குள் ஓரத்துத் துணி தோலில் உரசுகிறதா? கடையில் லேசாக உரசுவது, உப்பும் வியர்வையும் சேர்ந்தால் மத்தியானத்துக்குள் புண்ணாகும்.

பட்டைகள் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். ஜிப்பைப் போட்டு, இடுப்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கி இறுக்குங்கள். பிறகு கூட வந்தவரிடம் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் மூக்குவரை ஏறினால் தளர்வு. இறுக்கியும் ஏறினால் அளவு தப்பு. பெரியவர்களுக்கு அளவு பார்ப்பது மார்புச் சுற்றளவை வைத்து. உடல் எடையைச் சொல்லி வாங்காதீர்கள்.

வாங்கிய வாரத்திலேயே இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, பக்கவாட்டில் கால் உதைத்து வயிற்றால் ஊர்ந்து ஏறுங்கள். முன்பைகளில் இடுக்கியும் தூண்டில் டப்பாவும் புடைத்துக்கொண்டிருந்தால், கயாக்கின் விளிம்பில் மாட்டி உங்களைப் பின்னுக்கு இழுக்கும். இது கடையில் தெரியவே தெரியாது. ஆகவே நெஞ்சில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: விசில், ஒரு கையால் உருவக்கூடிய சிறு கத்தி, உறையிட்ட செல்போன். ஈயக் குண்டுகள் கயாக்கிலேயே இருக்கட்டும்.

நிறத்தில் வாதமே வேண்டாம். ஆரஞ்சு அல்லது மஞ்சள். மீனுக்குத் தெரியாமலிருக்க இலைப்பச்சை வேண்டும் என்பார்கள். தேடி வருகிற படகுக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள்.

வேலைக்குப் பேசப் போகும் இடத்தில் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: விருந்தினருக்கு எத்தனை அளவுகளில் ஜாக்கெட் இருக்கிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள்? பருத்த உடல்வாகுள்ளவருக்கும் எட்டு வயதுக் குழந்தைக்கும் ஒரே அளவை நீட்டும் இடத்தில், விபத்து நடந்தால் பழி முதலில் உங்கள் தலையில்தான் விழும். மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் கோவாவில் இருக்கும் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் உயிர்காப்புப் பயிற்சிகள் நடத்துகிறது. அந்தச் சான்றிதழ் இருந்தால் இப்படிக் கேட்க உங்களுக்கும் தைரியம் வரும். கரையில் ஒவ்வொரு விருந்தினரின் தோள்பட்டையையும் நீங்களே தூக்கிப் பாருங்கள். நீங்கள் ஜிப்பைத் திறந்துவிட்டு உட்கார்ந்தால் அவர்களும் திறப்பார்கள்.

தினமும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். வெயில் துணியையும் நூலையும் தின்றுவிடும். மெத்தையாகப் போட்டு உட்கார்ந்தால் நுரை நசுங்கி மிதப்பு குறையும். நுரையை அழுத்திவிட்டால் திரும்ப எழவில்லை, தையலை இழுத்தால் நூல் வருகிறது, நிறம் வெளுத்து வெள்ளையாகிவிட்டது என்றால் அதற்கு ஓய்வு கொடுங்கள். முழுசாகக் குப்பையில் போடாதீர்கள். யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். பட்டைகளை வெட்டி, நுரையைத் துண்டு துண்டாக்கிவிட்டுப் போடுங்கள்.