சம்மன் சார்பு செய்யும் பணி: வடசென்னையில் அதை ஏற்பது குறித்து

வழக்குத் தொடுக்கப்பட்டவர், அதாவது பிரதிவாதி, இன்ன நாளில் நீதிமன்றத்தில் தோன்ற வேண்டும் என்று அறிவிக்கும் எழுத்தாணை அழைப்பாணை எனப்படும். மக்கள் வழக்கில் அது சம்மன். அதை உரியவரிடம் முறைப்படி சேர்ப்பதை நீதிமன்றங்களில் ‘சார்பு செய்தல்’ என்பர். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இது தனியார் தொழிலாகவே நடைபெறுகிறது. இந்தியாவில் கூரியர் வழியும், வாதியே கொண்டுசேர்க்கும் வழியும் சட்டத்தில் இடம்பெற்றுள்ளபோதிலும், உரிமையியல் வழக்குகளில் வீடு தேடிச் சென்று சேர்த்து அதற்குச் சான்றும் கூறும் பொறுப்பு பெரும்பாலும் நீதிமன்ற ஊழியரான பெயிலிஃபிடம், மக்கள் நாவில் ‘அமீனா’விடம், இருந்துவருகிறது. ஆகவே ராயபுரத்திலோ எண்ணூரிலோ வாழும் ஓர் இளைஞர் இவ்வேலையை விரும்பினால், அவர் நாட வேண்டியது அரசுப் பணித் தேர்வையே.

இப்பணியைத் தாள் கொண்டுசெல்லும் வேலை என்று எண்ணுவது பெரும் பிழை. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 5ஆம் கட்டளை, சம்மனைக் கொடுத்த நேரத்தையும் விதத்தையும் ஊழியர் மூலப்படியில் எழுத வேண்டும் என்கிறது, இக்குறிப்பே ‘ஷரா’. பிரதிவாதி வாங்க மறுத்தாலோ, உரிய முயற்சிக்குப் பின்னும் அகப்படாமலிருந்து, அவர் சார்பில் வாங்கத்தக்க வேறு எவரும் இல்லாமற்போனாலோ, 17ஆம் விதிப்படி வீட்டின் வெளிக்கதவில் ஒரு படியை ஒட்டிவிட்டு, எந்தச் சூழலில் ஒட்டப்பட்டது, அந்த வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்பவற்றையெல்லாம் எழுதித் திருப்பியனுப்ப வேண்டும். ஐயம் எழுமானால், நீதிபதி அவ்வூழியரை உறுதிமொழியின்பேரில் விசாரிப்பார். அமீனா சாட்சியும் ஆவார் என்பதைப் புரிந்துகொண்ட பின்னரே, இப்பணி தமக்கு ஏற்றதா என்று ஒருவர் சிந்திக்கத் தொடங்க முடியும்.

வடசென்னை இவ்விதிகளைக் கடுமையாகச் சோதிக்கும் நிலப்பகுதி. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தவை. பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே வாசலில் நிற்கும் தெருக்களில், வழக்குரையில் எழுதப்பட்ட முகவரி எந்த எண்ணைக் குறிக்கிறது என்பதைக் கேட்டறிவதே முதல் வேலையாகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எர்ணாவூர்க் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட மீனவக் குடும்பங்களின் பெயரில், பழைய குப்பத்து முகவரியைத் தாங்கிய தாள் வரவும் கூடும். காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளர் நாள்கணக்கில் கடலில் தங்குபவர்; அவரை வீட்டில் காண ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமே. ஆனால், வழக்கின் வாய்தா, அதாவது அடுத்த விசாரணை நாள், அதுவரை காத்திருப்பதில்லை. அவர் விரைவில் அகப்பட வாய்ப்பில்லாத நிலையில், உடன் வாழும் வயதுவந்த குடும்ப உறுப்பினர், ஆணாயினும் பெண்ணாயினும், சம்மனைப் பெறலாம் என்பது உரிமையியல் விதி. குற்றவியல் நடைமுறையிலோ, வயதுவந்த ஆண் உறுப்பினரே பெறலாம் என்ற பழைய வரையறை, புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1 வரை நீடித்தது. பகற்பொழுதில் பெண்களே வீட்டைக் காக்கும் இப்பகுதிக்கு அந்த மாற்றம் மிகத் தாமதமாகவே வந்தது என்று கூற வேண்டும்.

தொழிற்சாலைகளின் சிக்கல் வேறு. நிறுவனமே பிரதிவாதி என்றால், தாளை அதன் செயலரிடமோ இயக்குநரிடமோ முதன்மை அலுவலரிடமோ சேர்க்கலாம், அல்லது பதிவு அலுவலகத்தில் கொடுக்கலாம். வாயிற்காவலரிடம் திணித்துவிட்டு ‘சார்பாயிற்று’ என்று எழுதும் ஷரா நீதிமன்றத்தில் நிலைப்பது கடினம். துறைமுகத்திலோ தாள் கப்பலையே தேடிச் செல்வதுண்டு: 2017ஆம் ஆண்டுக் கடல்சார் அதிகார வரம்புச் சட்டத்தின்கீழ் கப்பலைச் சிறைப்பிடிக்க உயர் நீதிமன்றம் ஆணையிட முடியும், அவ்வாணையைக் கப்பலிலேயே ஒட்டுவது இத்துறையின் நெடுங்கால மரபு.

சம்மனைவிட மனத்தை வருத்துவது ஜப்தி, அதாவது தீர்ப்பான கடனுக்காகப் பொருளைப் பற்றுகை செய்தல். சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் அசையும் பொருள்களைக் கைப்பற்ற வீட்டிற்குள் நுழையக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 62ஆம் பிரிவும், உடுக்கும் உடை, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்ற இயலாத அணி ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று 60ஆம் பிரிவும் விதிக்கின்றன. இவ்விரு பிரிவுகளையும் மனப்பாடமாக அறிந்த ஊழியர், கடனில் மூழ்கிய குடும்பத்திற்கு அந்த நேரத்தில் கிடைக்கும் ஒரே பாதுகாப்பாகவும் அமையக்கூடும்.

இப்பணியில் நேரும் மிகக் கொடிய தவறு, செல்லாத வீட்டிற்குச் சென்றதாக எழுதுவது. வெயிலும் கண்டெய்னர் லாரிகளின் நெரிசலும் அதற்குக் காரணமாகலாம். வாதி தரப்பில் நீட்டப்படும் பணமும் காரணமாகலாம். அந்தப் பொய் ஷராவை நம்பி ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை, அதாவது பிரதிவாதி வராமலேயே வழங்கப்படும் தீர்ப்பு, பிறக்கிறது. தம்மீது வழக்கு நடந்ததையே அறியாத ஒரு கூலித் தொழிலாளி அதை நீக்கக் கோரி மனுப்போட்டு, வேலையிழந்து அலைய வேண்டியிருக்கிறது. பேட்டா, அதாவது சார்பு செய்வதற்கான படிச்செலவு, நீதிமன்றத்தில் முறையாகக் கட்டப்படுவது. கையில் நீட்டப்படும் தொகை எதுவாயினும் அதை மறுக்கும் உறுதியில்லாதவர் இப்பணிக்கு வராதிருப்பதே ஏழைகளுக்குச் செய்யும் நன்மை. உறவினர் வாழும் தெருவுக்கே தாளுடன் செல்ல நேருமோ என்பதையும் முன்னரே எண்ண வேண்டும். அத்தகைய நிலையில் மேலலுவலரிடம் கூறி வேறொருவரை அனுப்பக் கோருவதே பாதுகாப்பான வழி.

ஊதியத்தைப் பொறுத்தவரை, 2024ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற அறிவிப்பில் இளநிலை பெயிலிஃப் பணிக்கு 19,000 முதல் 69,900 ரூபாய் வரையான ஊதிய விகிதம் தரப்பட்டிருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதுமானது. ஈ-கோர்ட்ஸ் திட்டத்தின் ‘என்-ஸ்டெப்’ என்ற கைப்பேசிச் செயலி, ஊழியர் சென்ற இடத்தையும் நேரத்தையும் ஜிபிஎஸ் வழியே பதிவுசெய்வதால், நேர்மையாக நடந்தவருக்கு அது துணைச்சான்றாகிறது. விண்ணப்பிக்குமுன், பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நீதிமன்றம் ஒன்றில் சில காலைப்பொழுதுகள் அமர்ந்து, ‘சார்பாகவில்லை’ என்ற ஒரு சொல்லால் எத்தனை வழக்குகள் வாய்தா மாறிச் செல்கின்றன என்பதையும், ஷராவை நீதிபதி எவ்வாறு வாசிக்கிறார் என்பதையும் கவனிப்பது எந்த வழிகாட்டி நூலைவிடவும் பயன் தரும்.