மார்ட்டின் ஈடனும் ஜாக் லண்டனும்

தோல்வி எழுத்தாளனை அழிப்பதை நாம் அறிவோம். வெற்றியும் அழிக்குமா? அழிக்கும் என்று காட்டுகிறது, அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் 1909-இல் நூலாக வெளியிட்ட 'மார்ட்டின் ஈடன்' என்னும் நாவல்.

மார்ட்டின் ஒரு மாலுமி. ஓக்லண்டு நகரில் ரூத் என்னும் செல்வர் வீட்டுப் பெண்ணைக் காதலிக்கிறான். அவளுக்கு ஏற்றவனாக வேண்டி இரவும் பகலும் படிக்கிறான், பிறகு எழுதுகிறான். அனுப்பிய கதைகளெல்லாம் திரும்பி வருகின்றன. சைக்கிளும் உடையும் அடகுக் கடைக்குப் போகின்றன. ரூத்தும் அவனைக் கைவிடுகிறாள்.

திடீரென்று புகழ் வருகிறது. முன்பு திருப்பப்பட்ட அதே கதைகளைப் பத்திரிகைகள் போட்டியிட்டு வாங்குகின்றன. அவன் பட்டினி கிடந்தபோது திரும்பிப் பாராதவர்கள் விருந்துக்கு அழைக்கிறார்கள்; ரூத்தும் திரும்பி வருகிறாள். ஆனால் அந்த எழுத்துகள் அன்றே எழுதி முடிந்தவை. அவனும் அன்றிருந்த அதே மார்ட்டின்தான். அப்படியானால் இவர்கள் போற்றுவது யாரை? இந்தக் கேள்விதான் அவனைத் தின்கிறது. படிப்பு அவனைப் பழைய தோழர்களிடமிருந்து பிரித்துவிட்டது. புதிய உலகமோ கசந்துவிட்டது. தாஹிட்டி செல்லும் கப்பலிலிருந்து ஓர் இரவு கடலில் இறங்கி உயிர் துறக்கிறான்.

லண்டனின் வாழ்வும் ஏறக்குறைய இதுவே. 1876-இல் பிறந்த அவர் சிறு வயதிலேயே ஆலையில் உழைத்தார். 1893-இல் மாலுமியாகக் கடல் கடந்தார். மார்ட்டினைப் போலவே சலவைச் சாலையிலும் வேலை செய்தார். 1896-இல் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தில் சேர்ந்து, ஓராண்டு முடியுமுன் வெளியேறினார். 1903-இல் புகழ் வந்தது.

விஞ்ஞானம் பயிலும் எனக்கு இந்நாவல் ஒரு சோதனையாகவே தோன்றுகிறது. மற்றெல்லாவற்றையும் தம் வாழ்விலிருந்து எடுத்துக்கொண்ட லண்டன், ஒன்றை மட்டும் மாற்றினார். அவர் சோஷலிஸ்டு, மார்ட்டினோ தன் வலிமையை மட்டுமே நம்பும் தனிமனிதவாதி. பிறருக்காக வாழும் நோக்கம் இல்லாததால், தன் வெற்றி பொருளிழந்தபோது பற்றிக்கொள்ள அவனிடம் வேறொன்றும் இல்லை. தனிமனிதவாதத்தைத் தாக்கவே இந்நாவலை எழுதியதாகவும், விமரிசகர்கள் அதை உணரவில்லை என்றும் லண்டன் வருந்தினார்.

1916-இல், நாற்பதாம் வயதில் அவர் மறைந்தார். நாவலின் முடிவைக் காட்டி அவரும் தற்கொலை செய்துகொண்டார் என்பார் உண்டு. இறப்புச் சான்றிதழ் குறிப்பதோ சிறுநீரக நோய். கற்பனையைச் சாட்சியாக்கி ஒருவரின் மரணத்துக்குத் தீர்ப்பு எழுதுவது எனக்கு உடன்பாடன்று.

நண்பர்களே, படிப்பை நம்பி ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். நம்மில் சிலர் வீட்டிலேயே முதல் பட்டதாரிகள். விடுமுறையில் ஊர் சென்றால், பழைய தோழனிடம் பேச விஷயமில்லாமல் நிற்கும் நிலை நமக்கும் வருவதுண்டு. மார்ட்டின் அந்த இடைவெளியை விதியென்று ஏற்றான். நாம் ஏற்க வேண்டியதில்லை. கற்றதை யாருக்காகக் கற்றோம் என்ற கேள்வியைப் பட்டம் வாங்கிய பிறகு அல்ல, இப்போதே கேட்டுக்கொள்வோம்.